மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களும் மனிதச் சிவப்பணுவும்: தொடுவதிலிருந்து வெடிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லீரலில் பெருகும் நாட்களில் மலேரியா ஒட்டுண்ணி இருப்பதே நோயாளிக்குத் தெரியாது. காய்ச்சல், நடுக்கம், இரத்தசோகை, மூளை மலேரியா எல்லாம் அது சிவப்பணுவுக்குள் புகத் தொடங்கிய பிறகுதான். அந்தப் புகுதலையும், புகுந்தபின் சிவப்பணுவை அது தன் வசதிக்கு மாற்றிக்கொள்வதையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம். மையமாக எடுத்துக்கொள்வது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். தேவைப்படும் இடத்தில், மலேரியா தரும் இன்னொரு இனமான பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் வரும். ஒவ்வொரு கட்டத்தையும் ஆய்வகத்தில் எப்படிச் சோதிப்பது, சோதனை எங்கே கெட்டுப்போகும் என்பதையும் கூடவே சொல்கிறோம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் செய்வது, எந்தப் புரதம் எந்த ஏற்பியோடு ஒட்டும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்வது. அதனால் பெரிய பயன் இல்லை. ஒரு புரதத்தின் பெயர் கண்ணில் பட்டதும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இது ஒட்டுண்ணியின் எந்த நுண்ணுறுப்பிலிருந்து வெளியே வருகிறது? எத்தனையாவது விநாடியில், அல்லது எத்தனையாவது மணியில் வருகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பட்டியல் தானாகவே மனதில் நிற்கும்.

முதலில் இரு தரப்பும்

உள்ளே புகுகிற வடிவத்தின் பெயர் மெரோசோயிட். நீளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர், உருவம் ஒரு பக்கம் கூர்ந்த முட்டை. கூர்முனையில் இரண்டு வகைச் சுரப்புப் பைகள் இருக்கின்றன. மைக்ரோனீம்கள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். ரோப்ட்ரிகள் இரண்டுதான், பேரிக்காய் வடிவம்; அவற்றின் கழுத்தில் இருக்கும் புரதங்கள் வேறு, குமிழில் இருப்பவை வேறு. மெரோசோயிட்டின் மேற்பரப்பு முழுவதும் எம்எஸ்பி1 முதலிய புரதங்கள் மெல்லிய உரோமம் போலப் படர்ந்திருக்கும்.

எதிர்த்தரப்பான சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7.5 மைக்ரோமீட்டர். அதற்கு உட்கரு கிடையாது, பொருட்களைத் தானே விழுங்கும் திறனும் கிடையாது. மற்ற செல்களில் புகும் கிருமிகள் பல, செல்லின் விழுங்கும் இயல்பைப் பயன்படுத்திக்கொள்ளும். இங்கே அது நடக்காது, தள்ளும் வேலை முழுக்க ஒட்டுண்ணியுடையதே. சிவப்பணுவின் வெளிப்புறத்தில் கிளைக்கோஃபோரின்களும் பேண்ட் 3 புரதமும் அடர்ந்திருக்கும். கிளைக்கோஃபோரின் ஏ மட்டும் ஒரு செல்லில் ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள். உட்புறத்தில், செல்லின் வடிவத்தைத் தாங்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தின் வலை.

படி 1: தொட்டு, உலுக்கி, திரும்புதல்

வெளியே வந்த மெரோசோயிட்டுக்கு நேரம் மிகக் குறைவு. 37 டிகிரி செல்சியஸில் சுமார் 5 நிமிடத்தில் அவற்றில் பாதி, புகும் திறனை இழந்துவிடும். முதல் தொடுகை எந்தப் பக்கமாகவும் இருக்கலாம். எம்எஸ்பி1 தொகுதி பலவீனமாக ஒட்டிக்கொள்கிறது. அடுத்த சில விநாடிகளில் நுண்ணோக்கியில் தெரிவது வேடிக்கையான காட்சி: கல் விழுந்த மெத்தை போலச் சிவப்பணு குழிந்து அலைபாயும், மெரோசோயிட் உருண்டு தன் கூர்முனையைச் சவ்வின் பக்கம் திருப்பிக்கொள்ளும். சவ்வு அதைச் சுற்றி எவ்வளவு ஆழமாக மடங்குகிறதோ, புகுதல் வெற்றிபெறும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இந்த ஆரம்பக் கட்டத்தையே தடுத்துவிடும். அதனால் வளர்ப்பில் ஹெப்பாரினை வைத்திருந்து, தேவையான நேரத்தில் கழுவி எடுத்து, புகுதலைச் சில மணி நேர இடைவெளிக்குள் அடக்கிக்கொள்ளலாம். இரத்தம் சேகரிக்கும் குழாயில் ஹெப்பாரின் இருந்ததைக் கவனிக்காமல் அதே செல்களைப் புகுதல் சோதனைக்குப் போட்டால் எண்ணிக்கை சரிந்துவிடும், காரணமும் எளிதில் பிடிபடாது. சிட்ரேட் கலந்த இரத்தத்தையே பயன்படுத்துங்கள்.

படி 2: ஈபிஏ, ஆர்ஹெச் குடும்பங்கள், மாற்று வழிகளின் கூட்டம்

கூர்முனை சவ்வைத் தொட்டதும் இரண்டு குடும்பப் புரதங்கள் வேலைக்கு வருகின்றன. ஈபிஏ குடும்பம் மைக்ரோனீமிலிருந்து வருவது. ஈபிஏ-175 கிளைக்கோஃபோரின் ஏ-யையும், ஈபிஏ-140 கிளைக்கோஃபோரின் சி-யையும், ஈபிஎல்-1 கிளைக்கோஃபோரின் பி-யையும் பிடிக்கின்றன. மூன்றுக்கும் அந்த ஏற்பிகளின் சர்க்கரைச் சங்கிலி நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம் வேண்டும். இன்னொன்று ஆர்ஹெச் குடும்பம். பெரும்பாலும் ரோப்ட்ரியிலிருந்து வருவது. ஆர்ஹெச்1 சியாலிக் அமிலத்தை நம்பியிருக்கிறது. ஆர்ஹெச்4-க்கு அது தேவையில்லை, அது பிடிப்பது நிரப்புப் புரத ஏற்பி 1. (ஆர்ஹெச் என்ற எழுத்துகளைப் பார்த்து இதை ஆர்ஹெச் இரத்த வகையோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. இளஞ்சிவப்பணுவில் ஒட்டும் வைவாக்ஸ் புரதங்களின் உறவு என்பதால் வந்த பெயர் இது.)

இந்தக் கட்டத்தில் ஒரு வழி அடைபட்டால் ஒட்டுண்ணி இன்னொன்றைத் திறந்துகொள்ளும். டிடி2 என்ற ஒட்டுண்ணி வகை சியாலிக் அமிலத்தை நம்பியது. ஆனால் சியாலிக் அமிலம் நீக்கிய செல்களில் தொடர்ந்து வளர்த்தால், அதுவரை அடங்கியிருந்த ஆர்ஹெச்4 மரபணு இயங்கத் தொடங்கி அந்தச் செல்களுக்குள்ளும் புகுந்துவிடும். ஈபிஏ-175 மட்டும் வைத்துத் தடுப்பூசி செய்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எந்த வகை ஒட்டுண்ணி எந்த வழியை நம்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழைய முறைதான் இன்றும் பயன்படுகிறது: சிவப்பணுக்களை நொதிகளால் செதுக்கிவிட்டுப் புகச்சொல்வது. கழுவிய சிவப்பணுக்களை மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் நியூராமினிடேஸ், மில்லிலிட்டருக்குச் சுமார் 66 மில்லியூனிட். இரண்டாவதில் டிரிப்சின், 1 மில்லிகிராம். மூன்றாவதில் கைமோடிரிப்சின், அதுவும் 1 மில்லிகிராம். எல்லாம் 37 டிகிரியில் ஒரு மணி நேரம். நொதி சேர்க்காத நான்காவது குழாயும் அதே நேரம், அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். பிறகு டிரிப்சின் குழாயில் சோயாபீன் தடுப்பான் சேர்த்து, எல்லாவற்றையும் மூன்று முறையாவது கழுவுங்கள்.

முடிவைப் படிப்பது இப்படி: நியூராமினிடேஸ் சியாலிக் அமிலத்தைச் சீவிவிடும். டிரிப்சின் கிளைக்கோஃபோரின் ஏ, சி இரண்டையும் வெட்டும், பி-யை விட்டுவிடும். கைமோடிரிப்சின் கிளைக்கோஃபோரின் பி-யையும், வைவாக்ஸ் பிடிக்கும் டஃபி என்ற சிவப்பணுப் புரதத்தையும் வெட்டும். நிரப்புப் புரத ஏற்பி 1 டிரிப்சின், கைமோடிரிப்சின் இரண்டுக்கும் தாங்காது, நியூராமினிடேஸுக்கு அசையாது. ஆகவே, நியூராமினிடேஸ் செல்களில் தாராளமாகப் புகுந்து, மற்ற இரண்டிலும் தடுமாறும் வகையைப் பார்த்தால் ஆர்ஹெச்4 மேல் சந்தேகம் போகலாம். கைமோடிரிப்சின் செல்களில் மட்டும் புகுந்தால் ஈபிஏ-175 பக்கம் பாருங்கள்.

இதில் வரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. கழுவுதல் போதாமல் நொதி மிஞ்சியிருந்தால் அது மெரோசோயிட்டின் புரதங்களையே வெட்டும், எல்லா வழியும் அடைபட்டது போல ஒரு பொய்யான முடிவு வரும். மற்றது இன்னும் பொதுவானது: முதிர்ந்த ஒட்டுண்ணியோடு வந்த பழைய சிவப்பணுக்கள் நொதி படாதவை, அவற்றுக்குள்ளும் மெரோசோயிட் புகும். அவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு குழம்பும். இலக்குச் செல்களுக்கு ஒரு ஒளிரும் சாயமும், ஒட்டுண்ணியின் டிஎன்ஏ-வுக்கு வேறு நிறச் சாயமும் இட்டு, ஓட்ட அளவியில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் ஓடவிட்டு எண்ணும் கருவி) இரண்டும் சேர்ந்து ஒளிர்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

படி 3: ஆர்ஹெச்5, மாற்று இல்லாத வாசல்

படி 2-இல் பார்த்தவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு என்றால், அதே குடும்பத்தில் ஆர்ஹெச்5 மட்டும் விதிவிலக்கு. இதன் மரபணுவை நீக்கினால் ஒட்டுண்ணி பிழைப்பதில்லை. இது பிடிக்கும் ஏற்பி பேசிஜின், அதாவது சிடி147. இந்த ஜோடி 2011-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆர்ஹெச்5-க்குத் தனியாகச் சவ்வில் நங்கூரம் கிடையாது. சைர்பா, ரிப்பர், சிஎஸ்எஸ், பிட்ராம்ப் என்ற நான்கு புரதங்களோடு சேர்ந்து ஒரு தொகுதியாக நிற்கிறது. நங்கூரமிடுவது பிட்ராம்ப்.

ஆர்ஹெச்5 பேசிஜினைப் பிடிக்கும் கணத்தில், தொடும் இடத்தில் சிவப்பணுவுக்குள் கால்சியம் பளிச்சென்று எகிறுவதை ஒளிரும் சாயத்தால் பார்க்கலாம். ஆர்ஹெச்5-க்கு எதிரான எதிர்ப்பொருளோ பேசிஜினுக்கு எதிரானதோ சேர்த்தால் அந்த ஒளி வராது, மெரோசோயிட் சும்மா உருண்டுவிட்டு விலகிவிடும்.

இவ்வளவு முக்கியமான ஜோடி இத்தனை ஆண்டுகள் ஏன் கண்ணில் படவில்லை? பிடி பலவீனமானது என்பதுதான் காரணம். ஒற்றை மூலக்கூறுக்கு ஒற்றை மூலக்கூறு என்று பார்த்தால் பிரிகை மாறிலி சுமார் 1 மைக்ரோமோலார். பிடித்தது நொடியில் விட்டுவிடும். வழக்கமான ஒட்டும் சோதனையில் ஒரு முறை கழுவினாலே எல்லாம் போய்விடும். கண்டுபிடித்தவர்கள் ஒரு புரதத்தை ஐந்து ஐந்தாகக் கோத்து, ஐந்து கைகளும் ஒரே நேரத்தில் பிடிக்கும்படி செய்தார்கள். செல் மேற்பரப்புப் புரதங்களோடு வேலை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது: எதிர்மறை முடிவு வந்தால், முதலில் உங்கள் புரதம் ஒற்றையாக இருந்ததா, கோத்து இருந்ததா என்று பாருங்கள். அது பாக்டீரியாவில் தயாரித்ததா என்பதும் அடுத்த கேள்வி. இந்தப் புரதங்களில் டைசல்ஃபைடு பிணைப்புகள் நிறைய, பாக்டீரியாவில் அவை பெரும்பாலும் சரியாக மடிவதில்லை. பாலூட்டிச் செல்களில் தயாரிக்கும்போது வேறொரு தொல்லை: ஒட்டுண்ணியில் இல்லாத சர்க்கரைச் சங்கிலிகள் புரதத்தில் ஏறிக்கொள்ளும். அந்த இடங்களை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும்.

படி 4: நகரும் சந்தி

இதுவரை ஒட்டுண்ணி சிவப்பணுவிடம் இருந்த புரதங்களைப் பிடித்தது. இங்கே தனக்கு வேண்டிய ஏற்பியைத் தானே கொண்டுவந்து பொருத்துகிறது. ரோப்ட்ரிக் கழுத்திலிருந்து ஆர்ஓஎன்2, 4, 5 ஆகிய புரதங்கள் சிவப்பணுவுக்குள் செலுத்தப்படுகின்றன. ஆர்ஓஎன்2 சவ்வில் குத்திட்டு நிற்கிறது. மைக்ரோனீமிலிருந்து வந்த ஏஎம்ஏ1 மெரோசோயிட்டின் மேல் நின்று அந்த ஆர்ஓஎன்2-வைப் பிடிக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே ஆளுடையவை. இந்தப் பிடி ஒரு வளையமாக, கூர்முனையிலிருந்து பின்முனைக்கு நகரும். ஆக்டின், மையோசின் ஏ இரண்டும் கொண்ட உள் இயந்திரம் மெரோசோயிட்டை அந்த வளையத்தின் ஊடாக உள்ளே தள்ளும். வளையம் மூடும்போது ஒட்டுண்ணியைச் சுற்றி ஒரு சவ்வுப் பை உருவாகியிருக்கும். மேற்பரப்பு எம்எஸ்பி1-இல் பெரும்பகுதி சப்2 என்ற நொதியால் வெட்டப்பட்டு வெளியே உதிர்ந்துவிடும்; 19 கிலோடால்டன் துண்டு மட்டும் கூடவே உள்ளே போகும். புகுதல் முடிந்ததும் சிவப்பணு முள்முள்ளாகச் சுருங்கி, சில நிமிடங்களில் மீண்டும் பழைய வடிவத்துக்கு வரும்.

புதிய மருந்தோ எதிர்ப்பொருளோ எந்தப் படியை அடைக்கிறது என்று அறிய நேரடிப் படப்பதிவு போதும். அலைபாய்தலே இல்லையென்றால் படி 1 அல்லது 2. அலைபாய்கிறது, ஆனால் கால்சியம் ஒளி இல்லை என்றால் படி 3. கால்சியம் ஒளிர்ந்து, சிவப்பணு முள்முள்ளாகியும் மெரோசோயிட் வெளியிலேயே நின்றால் ஏஎம்ஏ1-ஆர்ஓஎன்2 பிடி அடைபட்டிருக்கிறது. ஆர்1 என்ற பெப்டைடு இதைத்தான் செய்யும். சைட்டோகலாசின் டி கொடுத்தால் ஆக்டின் நிற்கும்: சந்தி கட்டப்பட்டிருக்கும், தள்ளுவதற்கு ஆள் இல்லை. இந்த இரண்டு வேதிப்பொருளையும் ஒப்பீட்டுக்கு எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், புகுதல் குறைந்தது என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஊகம்தான் செய்ய முடியும்.

ஏஎம்ஏ1 இன்றியமையாதது என்றால் அதற்கு எதிரான தடுப்பூசி வென்றிருக்க வேண்டுமே? மாலியில் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2011-இல் வெளியானது. மொத்தத் திறன் சுமார் 17 சதவீதம்தான்; தடுப்பூசியில் இருந்த அதே வடிவ ஏஎம்ஏ1 கொண்ட ஒட்டுண்ணிகளுக்கு எதிராக மட்டும் சுமார் 64 சதவீதம். புரதம் இன்றியமையாதது, ஆனால் அதன் முகம் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆர்ஹெச்5 அவ்வளவாக மாறுவதில்லை. தடுப்பூசி ஆய்வாளர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வைவாக்ஸ் எங்கே வேறுபடுகிறது

வைவாக்ஸ் இளஞ்சிவப்பணுக்களை மட்டும் தேடிப் புகும். அதன் டஃபி பிணைப்புப் புரதம் சிவப்பணுவின் டஃபி புரதத்தையும், ஆர்பிபி2பி என்ற இன்னொரு புரதம் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி 1-ஐயும் பிடிக்கின்றன. இந்த ஏற்பி இளஞ்சிவப்பணுவில்தான் இருக்கிறது, செல் முதிரும்போது கழன்றுவிடுகிறது. டஃபி இல்லாதவர்களுக்கு வைவாக்ஸ் அரிது என்பது 1976-லேயே காட்டப்பட்டது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரிடம் சிவப்பணுக்களில் டஃபி இல்லை. டஃபி மரபணுவின் தொடக்கத்தில், அதை இயக்கும் கேட்டா1 என்ற புரதம் வந்து அமரும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான் காரணம். ஆனால் இது முழுமையான கவசம் அல்ல. மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் கண்டறியப்பட்டு 2010-இல் வெளியானது.

படி 5: உள்ளிருந்து வெளியே அனுப்புதல்

உள்ளே அமர்ந்த ஒட்டுண்ணி, புரதம் தயாரிக்கும் வசதி ஏதும் இல்லாத ஒரு செல்லில்தான் இருக்கிறது. தேவையானதை அதுவே தயாரித்து, தன் சவ்வு, தன்னைச் சுற்றியுள்ள பையின் சவ்வு இரண்டையும் தாண்டி சிவப்பணுவுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பப்படும் புரதங்கள் சில நூறு. பெரும்பாலானவற்றில் பெக்ஸெல் என்ற ஐந்தெழுத்து முகவரி இருக்கும்: முதலில் ஆர்ஜினைன், மூன்றாவதாக லூசின், ஐந்தாவதாகக் குளுட்டமேட் அல்லது அதைப் போன்ற ஒன்று. பிளாஸ்மெப்சின் 5 என்ற நொதி லூசினுக்குப் பின் வெட்டுகிறது. பிறகு பிடிஇஎக்ஸ் என்ற வாயில்: ஹெச்எஸ்பி101 புரதத்தை நூல் போலப் பிரித்து, பிடிஇஎக்ஸ்150 வழியாக, எக்ஸ்பி2 துளைக்குள் தள்ளுகிறது.

நூல் பிரியாமல் போனால் என்ன ஆகும் என்பதே இதற்கான சோதனை. அனுப்பப்படும் புரதத்தோடு டிஹெச்எஃப்ஆர் என்ற நொதியை ஒட்டி, அதை இறுக்கும் மருந்தைக் கொடுத்தால் புரதம் பிரிய முடியாமல் வாயிலில் சிக்கிக்கொள்ளும். உங்கள் புரதம் சவ்வைத் தாண்டவில்லை என்று தெரிந்தால், முகவரியைச் சந்தேகிக்கும் முன் அதோடு ஒட்டிய ஒளிரும் குறியைச் சந்தேகியுங்கள். குறி அளவுக்கு மீறி உறுதியாக மடிந்திருந்தாலும் இதே கதிதான்.

படி 6: சிவப்பணுவை மாற்றியமைத்தல்

இங்கே பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரெசா என்ற புரதம், ஒட்டுண்ணி புகுந்தபின் வரும் முதல் இளம் நிலையான வளைய நிலையிலேயே ஸ்பெக்ட்ரினோடு ஒட்டிச் சவ்வைக் கெட்டிப்படுத்துகிறது. காய்ச்சல் சூட்டில் செல் உடையாமல் இருக்க அது உதவும். க்ளாக்3, ராப்ஹெச்2, ராப்ஹெச்3 மூன்றும் சேர்ந்து சிவப்பணுவின் வெளிச்சவ்வில் ஊட்டப்பொருட்களுக்கான புதிய வழியைத் திறக்கின்றன. ஒட்டுண்ணிகளை ஒரே வயதுக்குக் கொண்டுவர ஆய்வகங்களில் தினமும் செய்யும் சார்பிடால் ஒத்திசைப்பு இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறது. 5 சதவீத சார்பிடால், 37 டிகிரி, 10 நிமிடம்: முதிர்ந்த ஒட்டுண்ணி இருக்கும் செல்களில் வழி திறந்திருப்பதால் சார்பிடால் உள்ளே பாய்கிறது, தண்ணீரும் பின்தொடர்கிறது, செல் வெடிக்கிறது. வளைய நிலைச் செல்கள் தப்பும். சார்பிடால் கொடுத்தும் முதிர்ந்தவை சாகவில்லை என்றால் கரைசலின் செறிவைச் சரிபாருங்கள். அது சரியென்றால் அந்த ஊட்ட வழி குலைந்த ஒட்டுண்ணியாக இருக்கலாம், அதுவே ஆராயத்தக்க செய்தி.

நோயைக் கொடியதாக்குவது பிஎஃப்இஎம்பி1. இந்தப் புரதத்துக்கான, வார் எனப்படும் மரபணுக்கள் ஒரு ஒட்டுண்ணியில் சுமார் 60. ஒரு நேரத்தில் வெளிப்படுவது ஒன்று. நோயெதிர்ப்பு ஒன்றை அடையாளம் கண்டால் ஒட்டுண்ணிக் கூட்டத்தில் சில வேறொன்றுக்கு மாறியிருக்கும். இந்தப் புரதம் மேரர் பிளவுகள் என்ற தட்டையான சவ்வுப் பைகள் வழியாகப் பயணித்து, புகுந்து 16 முதல் 20 மணி நேரத்தில் வெளிமேற்பரப்புக்கு வருகிறது. அங்கே கேஏஹெச்ஆர்பி என்ற புரதம் ஸ்பெக்ட்ரின் வலையைப் பிடித்துச் சிறு புடைப்புகளைக் கட்டி வைத்திருக்கும். பிஎஃப்இஎம்பி1 அவற்றின் மேல் நின்று இரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றும். பற்றும் இடம் சிடி36 ஆகலாம், ஐகேம்1 ஆகலாம், கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடியில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ ஆகலாம். கடும் மலேரியாவோடு அதிகம் தொடர்புபடுவது ஈபிசிஆர் ஏற்பியைப் பற்றும் வடிவங்கள். இப்படி ஒட்டிக்கொண்ட செல் மண்ணீரலுக்குப் போகாமல் தப்புகிறது. விரல் நுனி இரத்தத்தில் ஃபால்சிபாரத்தின் வளைய நிலைகள் மட்டுமே பெரும்பாலும் தெரிவதன் காரணமும் இதுதான்.

அரிவாள் செல் பண்பும் ஹீமோகுளோபின் சி-யும் தரும் பாதுகாப்பில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது: அந்தச் செல்களின் மேற்பரப்பில் பிஎஃப்இஎம்பி1 குறைவாகவே வெளிப்படும், பிடி தளரும். டான்டு இரத்த வகை வேறு விதம். சவ்வின் இழுவிசை கூடி, படி 1-இலேயே மெரோசோயிட் தோற்கிறது.

ஒட்டும் சோதனை செய்பவர்களை அதிகம் ஏமாற்றுவது பழைய வளர்ப்பு. மாதக்கணக்கில் ஆய்வகத்தில் வளர்ந்த ஒட்டுண்ணிகள் 2-ஆம் குரோமோசோமின் நுனியை இழந்து, கேஏஹெச்ஆர்பி இல்லாமல், புடைப்பில்லாத மழுங்கல் செல்களாகிவிடும். பார்வைக்கு நன்றாகவே வளரும். ஆகவே சோதனைக்கு முன் ஜெலட்டின் கரைசலில் நிற்கவிடுங்கள்: புடைப்புள்ள முதிர்ந்த செல்கள் மேலே மிதக்கும், மற்றவை அடியில் படியும். மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப்இஎம்பி1 உண்மையிலேயே வெளியே நிற்கிறதா என்று பார்க்க, குறைந்த அளவு டிரிப்சினில் செல்களைச் சிறிது நேரம் வைத்து, மேற்பரப்புப் புரதம் வெட்டுப்படுகிறதா என்று வெஸ்டர்ன் பிளாட் பட்டையில் சோதியுங்கள். வெட்டுப்படாத பங்கு இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

படி 7: வெடித்து வெளியேறுதல்

சுமார் 48 மணி நேரம் முடியும்போது 16 முதல் 32 மெரோசோயிட்டுகள் தயார். பிகேஜி என்ற கைனேஸ் நொதி சைகை கொடுக்கிறது, சப்1 என்ற வெட்டும் நொதி பைக்குள் கொட்டப்படுகிறது, அது செரா6 என்ற இன்னொரு நொதியை இயக்குகிறது, ஸ்பெக்ட்ரின் வலை அறுந்து சிவப்பணு பிளக்கிறது. அதே சப்1 எம்எஸ்பி1-ஐயும் வெட்டி அடுத்த தொடுகைக்குத் தயார்செய்கிறது.

தனித்த மெரோசோயிட்டுகள் வேண்டுமானால் காந்தத் தூணில் முதிர்ந்த செல்களைப் பிடியுங்கள். அவற்றில் இருக்கும் ஹீமோசோயின் (ஹீமோகுளோபினைச் செரித்தபின் மிஞ்சும் இரும்புள்ள நிறமி) காந்தத்துக்கு இழுபடும். பிறகு ஈ64 தடுப்பானில் சில மணி நேரம் வையுங்கள். உள்ளே மெரோசோயிட்டுகள் முழுமையாகப் பிரியும், ஆனால் வெளிச்சவ்வு உடையாது. 1.2 மைக்ரோமீட்டர் வடிகட்டி வழியாக அழுத்தினால் உயிருள்ள மெரோசோயிட்டுகள் வெளியே வரும். இலக்குச் சிவப்பணுக்களை 37 டிகிரியில், குலுக்கியின் மேல் முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டுத்தான் வடிகட்டியைத் தொட வேண்டும். வடிகட்டிய பிறகு குழாயைத் தேடினால் அந்த ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடும்.